‘விட்டுவிடு’ என்றொரு பட்டன்

அந்த நாட்களில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தமிழ் வார்த்தை பற்றிய சண்டை என்றால் எதிரில் இருப்பது யாரென்றுகூடப் பார்க்க மாட்டேன். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. சாயந்திரம் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கி, மேற்குப் பக்கத்து வாடகை வீட்டைத் திறந்து, காபி குடித்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அது சம்பளமில்லாத இரண்டாவது வேலை.

கடிதம் எழுத, கணக்குப் போட என்று எல்லாவற்றுக்கும் ஆகிற ஆபீஸ் மென்பொருள் ஒன்றை உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதிலிருந்த ஆங்கில வார்த்தைகளைத் தமிழாக்கிய பத்துப் பேரில் நானும் ஒருத்தி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சண்டையும் மின்னஞ்சலில்தான், சமாதானமும் மின்னஞ்சலில்தான்.

எழுதியதைச் சேமிக்காமல் மூடப் போனால், சேமிக்கவா என்று கேட்டு மூன்று பட்டன்கள் வருமே, அதில் ஒன்று ‘டிஸ்கார்ட்’. எழுதினது வேண்டாம், தூக்கிப் போடு என்று அர்த்தம். குழுவில் மூத்தவரான ஒரு சார் அதற்கு ‘நிராகரி’ என்று போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சார், உங்கள் வீட்டில் யாராவது சாம்பாரை நிராகரிப்பார்களா?” என்று எழுதினேன். ‘விட்டுவிடு’ என்றுதான் போட வேண்டும், அதுதான் ஜனங்கள் பேசுகிற வார்த்தை என்று ஒரு வாரம் ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் அவர் சலித்துப்போய், “சரியம்மா, உன் விருப்பம்” என்றார். ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாடியில் குடியிருந்த அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். ஹாலில் இருந்த அந்தப் போனில் முதலில் அக்காவின் மாமியார் பேசுவார், பிறகு இரண்டு பிள்ளைகள், கார்டில் காசு தீரும் நேரத்தில்தான் அக்கா. நான் மாடியில் இருந்தபோதெல்லாம் கேட்டது இவ்வளவுதான்: “ம்… சரி… பரவால்ல, விடுங்க மச்சான்.” பெருநாளைக்கு வர முடியவில்லை என்றாலும் விடுங்க. லீவு தள்ளிப் போனாலும் விடுங்க.

போன லீவில் அவர் பிள்ளைகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனார். நான் அதில் எங்கள் இலவச ஆபீஸைப் போட்டுக் கொடுத்தேன், தமிழில். அக்கா எட்டாவது வரை படித்தவர். ஆங்கிலம் என்றாலே பத்தடி தள்ளி நிற்பார். திரையில் கோப்பு, திருத்து, செருகு என்று ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, “ஏம்மா, இது என்கிட்ட தமிழ்ல பேசுதே!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஆயிரம் வார்த்தை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஒற்றை விரலில் தட்டித் தட்டி, வாரம் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தார். வியாழக்கிழமை சாயந்திரம் நான் மாடிக்குப் போய், அதைச் சேமித்து, ஃப்ளாப்பியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து, தமிழ் எழுத்துரு இல்லாத ஊரிலும் தெரிகிற மாதிரி பிடிஎஃப் ஆக்கி, மின்னஞ்சலில் அனுப்புவேன். வெள்ளிக்கிழமை அக்காவின் வீட்டுக்காரருக்கு விடுமுறை. பிரவுசிங் சென்டரில் போய்ப் படிப்பார். சேமிக்கிற வேலையை நானே செய்துவந்ததால் அக்காவுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தோன்றவே இல்லை.

ஒரு வாரம் போனில் அவர், கம்பெனியில் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் கேட்கிறார்கள், அடுத்த சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும் என்றிருக்கிறார். அக்கா வழக்கம்போல, “உங்க இஷ்டம் மச்சான், விடுங்க” என்றிருக்கிறார். மறுநாள் மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு அவரு வந்துடணும்மா. சின்னவன் பெத்தவர போட்டோவுல பாத்துத்தான் ‘அத்தா’ங்கிறான். மாமி பக்கத்துல ஒக்காந்துகினு இருக்கிறப்ப நான் இத எப்படிப் பேசுவேன்? வியாழக்கிழமை எழுதி வைக்கிறேன். நீ வந்து அனுப்பிடு.”

அந்த வியாழக்கிழமை ரயில் தாமதம். நான் வரும்போது அக்கா கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

“கடுதாசியக் காணோம்மா.”

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். மாமி கூப்பிட்டதும் மூடிவிட்டு எழுந்திருக்கிறார். எப்படி மூடினீர்கள், என்ன கேட்டது, எதை அமுக்கினீர்கள் என்று நான் போலீஸ் மாதிரி விசாரித்தேன்.

“மாற்றங்களைச் சேமிக்கவான்னு கேட்டுச்சு. நான் எதையும் மாத்தலையே! எழுதினத எழுதின மாதிரியே வச்சிருக்கணும்னு, விட்டுவிடுன்னு இருந்துச்சு பாரு, அத அமுக்கினேன்.”

மாடிக்கு ஓடினேன். எங்கெல்லாம் பிரதி ஒதுங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியுமோ அங்கெல்லாம் தேடினேன். கிடைக்காது என்று தெரிந்தேதான் தேடினேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் மவுசை நகர்த்தும்போதெல்லாம் “கெடச்சுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் என்றாலே இப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது அந்தப் பொய். ஆனால் “நான் எதையும் மாத்தலையே” என்று அவர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் படித்தது சரி, புரிந்துகொண்டதும் சரி. தப்பு முழுக்க என்னுடையது.

“அக்கா, அந்த வார்த்தை நான் போட்டது. வேற ஒருத்தர் வேற வார்த்தை போட்டிருந்தாரு. நான்தான் சண்டை போட்டு மாத்தினேன்.”

அவர் என்னையே பார்த்தார். “உனக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா?” என்று கேட்ட குரலில் நல்ல கோபம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவராகவே சொன்னார்.

“எனக்கும் வேற எங்க கெடைக்குது? வாயத் தொறந்தா அதான் வருது. கையும் அங்கதான் போச்சு.”

புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க வேண்டும் என்று மாமியிடம் சொல்லி அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நீங்கள் சொல்லுங்கள், நான் வேகமாக அடிக்கிறேன் என்றேன். ‘அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்’ வரை சொன்னார். அதற்கு மேல் வரவில்லை. முகத்தை முந்தானையில் துடைத்தார். “புருஷனுக்கு எழுதுறத உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? நீ எழுந்திரு.”

நான் சமையலறைக்குப் போனேன். செய்ய ஒன்றும் இல்லாமல் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன். முன்னறையில் டக், டக் என்று ஒற்றை விரல் சத்தம். நிற்கும். மூக்கை உறிஞ்சுவது கேட்கும். மறுபடி டக், டக். இரண்டு நாளைக்கு வாங்கி வைத்திருந்த பீன்ஸ் முழுவதையும் நறுக்கித் தீர்த்துவிட்டேன்.

“வாம்மா, முடிச்சிட்டேன். அரைப் பக்கங்கூட வரல.”

“மத்தியானம் மூணு பக்கம்னு சொன்னீங்களே?”

“அதுல ரெண்டு பக்கம் நீங்க கவலைப்படாதீங்க, நாங்க சமாளிச்சுக்குவோம்னுதான் இருந்துச்சு. இப்ப அதெல்லாம் எழுதல.”

‘சேமி’யை அவரையே அமுக்கச் சொன்னேன். பெயர் கேட்டது. ‘மச்சான்’ என்று அடித்தார். எழுத்தின் மேல் கண் போகாமல் பட்டனை மட்டும் பார்த்து நான் பிடிஎஃப் ஆக்கினேன். டயல்-அப் இணைப்பு இரண்டு தடவை கத்திவிட்டு அறுந்தது. மூன்றாவது தடவை கடிதம் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. எட்டு வருடத்தில் வராத வெள்ளிக்கிழமை அதுதான் என்று மாமி புலம்பியது கீழே எனக்கே கேட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: ‘விட்டுவிடு’ வேண்டாம், ‘சேமிக்காதே’ என்று மாற்றிவிடலாம், போன தடவை நான் பிடித்தது வெறும் பிடிவாதம். சார் குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். “யாருக்கு என்ன போயிற்று அம்மா?” என்று மட்டும் கேட்டிருந்தார். அந்த ஒரு வரிக்கு நான் அழுதேன்.

சனிக்கிழமை சாயந்திரம் என் அஞ்சல்பெட்டியில் அக்காவுக்குப் பதில் வந்திருந்தது, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து. அக்காவைக் கூப்பிட்டேன். ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் பின்வாங்கி, “நீயே படி, பரவால்ல” என்றார். படித்தேன்.

“கையெழுத்து போடல. கணக்கு முடிச்சிட்டு ரெண்டு மாசத்துல வந்துடுறேன். நீ ஒவ்வொரு தடவையும் விடுங்க விடுங்கன்னே சொன்னியா, நான் இல்லாம உனக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சேன். அதான் வரேன்னு சொல்லவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு.”

அக்கா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மவுசைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இதுல சேமி எங்க இருக்கு?”