தாய்மாமன் மடி

தங்கைக்கும் எனக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவள் அந்த நாட்டுக்காரர் ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் லேசில் இறங்காது. முறை, முறை என்று குதித்தேன். கல்யாணத்துக்குப் போகவில்லை.

அதே முறைதான் என்னை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. பங்குனி உத்திரத்தன்று எங்கள் சாஸ்தா கோயிலில் அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு அண்ணன் என்று இருப்பது நான் ஒருத்தன். அம்மா மூலம் தகவல் வந்தது. தங்கக் கடுக்கன், பட்டுச் சட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். இன்றைக்காவது ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்று உள்ளுக்குள் ஏக்கம். நானாகப் பேச வாய் வரவில்லை. மாப்பிள்ளை, பாவம், அவிழப் பார்த்த வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிள்ளைக்கு இரண்டு வயசு. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மடியில் இருந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும், "மாமா! மாமா!" என்று அலறினான்.

சொந்தக்காரர்களுக்கு ஒரே பூரிப்பு. "ரத்தம் பேசுது, பாத்தியளா! மாமனைல்லா கூப்பிடுதான்!" என்றாள் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மை. அவன் திமிறத் திமிற என் மடியிலேயே பிடித்து அழுத்தினார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் அவன் கை நீண்ட பக்கம் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் பிறந்த ஊரில் பெற்றவளுக்குத்தான் அந்தப் பெயர். இங்கே அவள் கூடப்பிறந்தவனுக்கு. இரண்டு வார்த்தைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"பிள்ள அம்மையத் தேடுதான். அவள முன்னால விடுங்க" என்றேன்.

"தாய்மாமன் மடிதானய்யா முறை?" என்றாள் பெரியம்மை.

"முறை கிடக்கட்டும், பெரியம்மை."

எழுந்து, தங்கையை என் இடத்தில் உட்காரவைத்துப் பிள்ளையைக் கொடுத்தேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டதும் அழுகை அடங்கியது. வந்த காரியம் முடிந்தது என்று நான் நகர்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணே போற? இங்கன இரு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணச் சேதியைச் சொல்ல ஆசையாக ஊருக்கு வந்தவளை, அன்றைக்கே வீட்டைவிட்டுப் போகச் சொன்னவன் நான்.