முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டவர்

மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் தவமலர் அக்கா இறந்த செய்தி வந்தது. அழைத்தவள் அவருடைய மகள். இங்கே பிறந்த பெண், என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்று தமிழில், "அம்மா செத்துப்போனா, அங்கிள்" என்றாள். நாமெல்லாம் தவறிவிட்டார், போய்விட்டார் என்று சுற்றி வளைத்துச் சொல்வோம். அந்தச் சொற்கள் அவளுக்குத் தெரியாது. முந்தின நாள் மாலை மூளையில் இரத்தக் கசிவு, விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். வண்டி வந்து நின்று கதவு திறந்து மூடியது. நான் ஏறவில்லை.

உங்களில் பலருக்கு அவர் தமிழ்ப் பள்ளி விழாக்களில் இருநூறு பேருக்கு வடை பொரித்த அக்கா. எனக்கு அவர் ஒன்பது வருடம் பக்கத்து மேசையில் இருந்த பொறியியலாளர். மனுகாவில் எங்கள் சிறிய நிறுவனம் சிகரெட்டை விட நினைப்பவர்களுக்காக ஒரு வேப் கருவி செய்துகொண்டிருந்தது. திரவத்தில் ஊறிய பஞ்சுத் திரி, அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். இழுத்தால் கம்பி சூடாகும், திரவம் ஆவியாகும், சுவை நாக்குக்கு வரும். கம்பியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் நிரலை எழுதுவது என் வேலை. சுவை மாறாமல் வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

"முதல் இழுப்பு எப்பிடியோ கடைசி இழுப்பும் அப்பிடியே இருக்கோணும். இல்லாட்டி ஆள் திரும்பவும் சிகரெட் வாங்கக் கடைக்குப் போயிடுவான்" என்பார். சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர் இதை எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு வியப்புதான்.

கோயிலில் ஒருவர் அவரை மடக்கி, "நீங்கள் பிள்ளையளுக்குப் புகை விக்கிற கம்பெனியிலயோ வேலை?" என்று கேட்டபோது பக்கத்தில் நானும் இருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. அக்கா தட்டைக் கீழே வைத்தார். "ஏற்கெனவே பிடிக்கிறவைக்குத்தான் நான் செய்யிறன். பிடிக்காதவைக்கு என்னட்ட ஒண்டும் இல்லை. பிடிக்கிற ஆரையும் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்கோ" என்றார். மிட்டாய் வாசனைத் திரவம் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த யோசனையை அவர் தொடவே மறுத்த கதை அந்தப் பெரியவருக்குத் தெரியாது. அக்காவும் சொல்லவில்லை. புதினா, புகையிலை என்ற இரண்டே சுவைகளோடு நின்றுகொண்டார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல.

நான் பதினேழு வயதிலிருந்து சிகரெட் பிடித்தவன். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தபோது, இனி ஒன்றுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அதனால் அக்கா ஆறு தமிழர்களைச் சேர்த்து எங்கள் கருவியைச் சோதனைக்குக் கொடுத்தபோது நானே முதலில் பெயர் கொடுத்தேன். ஒடாஹுஹுவில் குடியிருந்த மலேசியத் தமிழர் சேகர் இன்னொருவர். பஸ் ஓட்டுபவர்.

அக்கா எங்களை ஒவ்வொருவராக அழைத்து, ஒரு தடவைக்கு எத்தனை இழுப்பு, நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "ஒண்ணு ரெண்டுதான்க்கா. அதுவும் நிதானமாத்தான்" என்றேன் நான். சேகரும் அதையே சொன்னார். ஆறு பேரும் நல்ல பிள்ளைகளாகிவிட்டோம். வடை சுட்டுப் போடும் கையிடம் போய், வெறி பிடித்தவன் மாதிரி அடுத்தடுத்து இழுப்பேன் என்று எவன் சொல்வான்? அந்தப் பதில்களை வைத்துத்தான் சோதனை இயந்திரத்தை அமைத்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பம்பு அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கருவியை இழுக்கும். முதல் இழுப்பிலிருந்து இருநூறாவது வரை சுவை அச்சு மாறாமல் வந்தது. மேலாளர் கை குலுக்கினார். அக்கா கையெழுத்துப் போட வேண்டியது மட்டுமே பாக்கி.

அந்த வாரம்தான் கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத்தொட்டி ஓரமாக நான் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். சட்டென்று உள்ளங்கைக்குள் மறைத்தேன். சுட்டுவிட்டது.

"கையக் காட்டுங்கோ" என்றார். காட்டினேன். கொப்புளம் வரப் பார்த்தது. "எங்கட கருவி என்னத்துக்குச் சரிவரேல்ல?"

"நல்லாத்தான்க்கா இருக்கு. மறந்து வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்."

"தம்பி, அது உங்கட சட்டைப் பையில இருக்கு."

அதற்குமேல் என்ன நடிப்பது? மூன்றாவது இழுப்பிலேயே சுவை செத்து, கருகின பஞ்சு வாடை வருகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, முகம் மட்டும் வெளுத்தது. மறுநாள் ஆறு பேரையும் அதே இடத்துக்கு வரச் சொன்னார். "அக்கா முன்னாடி எப்படிலா ஊதறது?" என்று சேகர் நெளிந்தார்.

"நான் உங்களப் பாக்கேல்ல" என்றார் அக்கா. ஒரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி வேலியைப் பார்த்து உட்கார்ந்தார். கையில் நிறுத்துக் கடிகாரம். "வேலை முடிஞ்சு களைச்சு வந்து எப்பிடி இழுப்பியளோ, அப்பிடி இழுங்கோ. எனக்குச் சத்தம் கேட்டாப் போதும்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தார். தூறல் விழுந்தும் திரும்பவில்லை. ஆறு ஏழு விநாடிக்கு ஓர் இழுப்பு, தொடர்ந்து எட்டு, பத்து. திரி மறுபடி ஊறுவதற்கு அவகாசமே இல்லை. மேலாளர், "அறிக்கை பாஸ்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்க, அக்கா, "மெஷின் பாஸ், ஆக்கள் பெயில்" என்று முதலில் தமிழில் எனக்கும், பிறகு ஆங்கிலத்தில் அவருக்கும் சொன்னார். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வெளியீடு நான்கு மாதம் தள்ளிப்போனது. திரவம் இறங்கும் துளைகளைப் பெரிதாக்கினோம், இழுப்புகள் நெருங்கி வந்தால் கம்பி அதிகம் சூடேறாதபடி நிரலை மூன்று முறை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தப் பால் கூடை, அந்த வேலி, அந்த முதுகு. பத்தாவது இழுப்பிலும் புதினா புதினாவாகவே வந்த நாளில் சேகர் அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், பாதியில் கூச்சப்பட்டுக் கும்பிட்டார்.

என்னைச் சிகரெட்டிலிருந்து இழுத்துப் பிடித்தது அந்தக் கருவி. ஒன்றரை வருடம் கழித்து அதையும் கீழே வைத்துவிட்டேன்.

இந்த அஞ்சலியை முதலில் எழுதியபோது, "அன்றிலிருந்து இன்றுவரை நான் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடவில்லை" என்று முடித்திருந்தேன். வாசித்துப் பார்த்தேன். மேடையில் சொல்ல அழகாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவுக்கு நாங்கள் ஆறு பேரும் முதன்முதலில் கொடுத்த பதில்களின் சாயல் அப்படியே அதில் இருந்தது. அடித்துவிட்டேன். செய்தி வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. தெருமூலையில் டெய்ரி என்று சொல்லும் சிறு கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, இரண்டு பிடித்தேன். மூன்றாவதை எடுத்தபோது என் மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவள் வந்து பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

கேட்கிறவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்வது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான், அதை விடப்போவதில்லை.

இரண்டு, அக்கா. அதற்குப் பிறகு இன்றோடு பத்தொன்பது நாள், ஒன்றும் இல்லை. நாளைக்கும் இல்லை.