என் முகம் தெரியட்டும் என்று ஜெபித்தேன்

திருவொற்றியூரில் எங்கள் சபைக்கு நான் நெடுங்காலமாகச் செயலாளர். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். துறைமுகச் சரக்கு நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். என்னைப் பெயர் சொல்லி அழைப்பவர் இல்லை. நிறுவனத்தில் 'சார்', சபையில் 'செக்ரெட்டரி ஐயா'. என் நடையிலோ உடையிலோ பேச்சிலோ எவரும் குறை கண்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததை நீங்கள் சரியாக அளந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

அப்படிப்பட்ட நான் சென்ற ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதத்தில், எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே வீழ்த்தப்பட்டு, இரும்புக் கம்பியாலும் கத்தியாலும் தாக்கப்பட்டேன். உயிரோடு இருக்கிறேன். தேவன் ஒருவருக்கே அதற்கான துதி.

வியாழன்தோறும் எண்ணூரில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துவது என் பொறுப்பு. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் லாரிகள் சாலையை அடைத்து நிற்பதால், காரில் போனால் ஜெபம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். எனவே இந்த வயதில் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். கறுப்பு நிறம். வாலிபத்தில் ஓட்டிய பழக்கம் கைவிடவில்லை.

வண்டிக்கு வேண்டியவற்றைப் பொருத்த, தண்டையார்பேட்டையில் காதர் பாயின் கடைக்குப் போனோம். உடன் வந்தவள் என் மனைவி எஸ்தர். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழை நாற்பது ஆண்டுகளாகத் திருத்திப் பார்த்துத் தோற்றவன் நான்.

முன்பக்கம் காலைக் காக்கும் கம்பி, லெக் கார்டு, வேண்டும் என்றேன். பின்பக்கம் சேலை சக்கரத்தில் சிக்காதபடி சாரி கார்டு வேண்டும் என்றாள் அவள். இரண்டையும் பாய் பொருத்தினார்.

"அப்டியே ஒரு ஜாக்கெட் போட்டுக்குங்க சார்," என்றார். "தோள்ல, மொழங்கைல எல்லாம் பேடு வெச்சது. வுயுந்தாலும் ஒண்ணும் ஆவாது."

ஜாக்கெட் என்ற சொல் எங்கள் வீட்டில் எதைக் குறிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேண்டாம் என்றேன்.

"வேணான்னா வுடு பாய்," என்றாள் எஸ்தர். "வூட்ல என்துது நாலு கீது. அத்துல ஒண்ண மாட்டிக்கினு போவாரு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஹெல்மெட் அடுக்கின் பக்கம் திரும்பினேன். முகம் முழுவதும் மூடும் கறுப்பு ஹெல்மெட் ஒன்றை எடுத்தேன். அதன் முகக்கண்ணாடியும் கறுப்பு.

"சூப்பர் ஐட்டம் சார். வெளிய இருந்து பாத்தா ஆளு யாருன்னே தெரியாது."

"அதுதான் வேண்டும்."

செயலாளர் வாலிபனைப்போல் பைக்கில் பறக்கிறார் என்று தெருவில் பேச்சு எழுவதை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான்.

"இன்னாங்க, திருடன் மாதிரி மூஞ்ச மறைச்சுக்கினா ஜெபத்துக்குப் போவப் போறீங்க?" என்றாள் எஸ்தர். நான் ஹெல்மெட்டுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வண்டி வாங்கிய பின் மூன்றாவது வியாழன். கூட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லாரிகளின் வரிசைக்கும் சாலைத் தடுப்புக்கும் நடுவே இருந்த குறுகிய இடைவெளியில் மெதுவாக வந்தேன். பின்னாலிருந்து ஒரு பைக், அதில் மூன்று பேர். உரசிக்கொண்டு வந்தவர்கள் என் வண்டியை எட்டி உதைத்தார்கள்.

இடதுபக்கம் சாய்ந்து விழுந்தேன். லெக் கார்டு சாலையில் தீப்பொறி பறக்கத் தேய்ந்து, வளைந்து, வண்டியின் பாரத்தை என் கால்மேல் விழாமல் தாங்கிக்கொண்டது. கால் நசுங்கவில்லை. ஆனால் வளைந்த கம்பிக்குள் என் ஷூ சிக்கிக்கொண்டது. எழ முடியவில்லை.

"டேய் அப்பு, மூஞ்ச மூடிக்கினா வுட்ருவோம்னு நென்ச்சியா?"

முதல் அடி வலது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் ஒடிந்த சத்தத்தை நானே கேட்டேன். அடுத்தது கத்தி. இடது தோளில் இறங்கியது. பாய் காட்டிய ஜாக்கெட்டில் பேடு இருந்த அதே இடம். என் வெள்ளைச் சட்டை கிழிந்து, இரத்தம் கழுத்துவரை சூடாக ஓடியது. மூன்றாமவன் என் வயிற்றில் மிதித்தான். மறுபடி மிதித்தான்.

அவர்கள் தேடியவன் வேறொருவன் என்று புரிந்தது. அவனுக்கும் இதே கறுப்பு வண்டி, இதே கறுப்பு ஹெல்மெட் போலும். "நீங்கள் தேடும் ஆள் நானல்ல," என்று கத்தினேன். குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"கொரல மாத்தி டயலாக்கு வுட்றான் பாரு."

"பேச்சு இன்னாத்துக்கு? கய்த்துல போட்றா."

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டால் போதும். தாடைக்குக் கீழே ஒரு சிறிய கொக்கி. ஒடிந்த விரல்களால் அதை அழுத்த முடியவில்லை. மற்றக் கையைத் தூக்க முடியவில்லை. தலையில் கம்பி விழும்போதெல்லாம் மண்டைக்குள் தகரக் கொட்டகை இடிந்து விழுவதுபோல் இருந்தது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். யாரும் இறங்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நான் சாகப்போகிறேன், என்னைக் கொன்றவர்களுக்குக்கூட நான் யாரென்று தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். அந்தத் தனிமை வெட்டைவிடக் கொடியது.

சபையில் நான் ஏறெடுக்கும் ஜெபங்கள் நீளமானவை. சொற்களை அடுக்கித்தான் பேசுவேன். அன்று ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதுவும் என் மனைவியின் தமிழில் வந்தது.

"ஆண்டவரே, என் மூஞ்சி இவனுங்களுக்குத் தெரியட்டும்."

ஆமென் சொல்லவில்லை. அதற்குள் கம்பி நேராக என் முகத்தில் இறங்கியது. கறுப்புக் கண்ணாடி நொறுங்கியது. அதன் சில்லுகள் என் கன்னத்தில் பாய்ந்தன. அந்நேரத்தில் வரிசை நகர, பின்னால் நின்ற லாரியின் விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. நரைத்த மீசை. இரத்தம். வாயிலிருந்து பாதி வெளியே வந்து தொங்கிய பல்செட்.

கத்தியை ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான்.

"டேய், அவன் இல்லடா. இது ஏதோ பெர்சு."

"நல்லாப் பாத்தியா?"

"பல்செட்டு தொங்குதுடா. அப்புக்கு ஏதுடா பல்செட்டு?"

கம்பி வைத்திருந்தவன் அதைத் தாழ்த்தினான். பிறகு ஒருவன் குனிந்து, "ஆளு மாறிப் பூட்ச்சு பெர்சு. வெளிய சொல்லிக்கினு இருக்காத, இன்னா?" என்றான். பைக் புறப்பட்டது.

அதன்பிறகே அந்த லாரியின் டிரைவர் இறங்கி வந்தார். என் ஷூவை அறுத்துக் காலை விடுவித்து, தன் துண்டால் தோளைக் கட்டினார். மருத்துவமனையில் நான் கண்விழித்தபோது எஸ்தர் கட்டிலருகே நின்றிருந்தாள்.

"அன்னிக்கே சொன்னேன்ல, என் ஜாக்கெட்டயாவது மாட்டிக்கினு போங்கன்னு," என்றாள். பிறகு என் கட்டுப்போட்ட கையில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். வார்டில் பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதே வாரத்தில் அந்த மூவரும் தாங்கள் தேடிய அப்பு என்பவனைக் கண்டுபிடித்து வெட்டிப்போட்டார்கள். வயது இருபத்தைந்துகூட இராது என்றார்கள். என்னைத் தப்புவித்தவர் அவனை ஏன் தப்புவிக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இல்லாத பதிலை இருப்பதுபோல் நான் எழுத மாட்டேன். அவனுடைய தாயார் எண்ணூரில்தான் இருக்கிறார்; உடல் தேறியதும் போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமைக் கூட்டம் இப்போது அந்த வீட்டில் நடக்கிறது. அந்த அம்மாள் எங்களோடு ஜெபிப்பதில்லை. வாசலருகே உட்கார்ந்து கேட்கிறார். தேநீர் தருகிறார்.

அதே வண்டியில்தான் போகிறேன். லெக் கார்டு புதியது. ஹெல்மெட்டும் புதியது, அதன் கண்ணாடியில் ஊருக்கே என் முகம் தெரியும். பேடு வைத்த அந்த உடுப்பையும் வாங்கினேன். பாயிடம் அதன் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன்.

அன்பானவர்களே, ஆபத்து வரும்போது நல்ல சொற்கள் அமையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாயில் வருகிற தமிழில் கூப்பிடுங்கள். என்னைக் கேட்டவர் உங்களையும் கேட்பார். பதில் நீங்கள் விரும்பிய வழியில் வராது. எனக்கு அது இரும்புக் கம்பியின் வழியாக வந்தது. ஆயினும் அவரை நம்புங்கள்.

கடைசியாக, சபையில் உலவும் ஒரு செய்தியைத் திருத்த வேண்டியிருக்கிறது. வானத்திலிருந்து ஓர் ஒளி இறங்கியதாகவும், வெட்ட வந்தவர்கள் செக்ரெட்டரி ஐயா என்று என்னை அடையாளம் கண்டு, கத்தியைக் கீழே போட்டுக் கைகூப்பியதாகவும் சொல்லுகிறார்கள். அது உண்மையன்று. அந்த ஒளி லாரியின் விளக்கு. கத்தியை அவர்கள் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். அவர்களில் ஒருவனுக்கும் என்னைத் தெரியாது.