காலி ஓடுபாதையும் மூன்றாவது நிமிடமும்

ஓடுபாதை காலியாக இருக்கும்போது விமானத்தை நிறுத்தி வைப்பதற்கும் சேர்த்துத்தான் எங்களுக்குச் சம்பளம். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி ஊர் முறைப்பை வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

போனவர் விட்டுப்போனது

வளைகுடாவில் சில வருடங்கள் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்துவிட்டு, இங்கேயும் அதே வேலைக்கே ஊர் திரும்பி, சேலையூரில் குடிவந்த புதிது. கீழ்வீட்டு ராமநாதன் சார் மாடியேறி வந்து பஞ்சாயத்து வைத்தார். "முன்னாடி நின்ன ஃப்ளைட் போயாச்சு, ரன்வே காலி. எங்களை மட்டும் எதுக்கு சார் உட்கார வெச்சீங்க?"

பெரிய விமானம் ஏறும்போது இறக்கை நுனிகளிலிருந்து காற்று சுழன்றுகொண்டே பின்னால் தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது, சின்ன விமானம் அதில் மாட்டினால் புரட்டிப் போட்டுவிடும், அது கலையத்தான் இரண்டு நிமிடம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "புரியுது சார். எங்க பழைய மேனேஜர் ரிட்டயர் ஆகிப் போன அப்புறமும் ஆபீஸ் அடங்க ஆறு மாசம் ஆச்சு."

சேகரின் குறுக்குவழி

ஒரு காலை, கடற்காற்று இன்னும் வந்து சேராத நேரம். குட்டி ஆம்புலன்ஸ் விமானம் ஒன்று கிளம்பத் தயாரானது. உள்ளே பிறந்து சில நாளே ஆன குழந்தை, இதய அறுவைக்காக வேறு ஊருக்குப் போகிறது. கூட அதன் அப்பா. முன்னால் ஒரு பெரிய விமானம் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. அதை இனி நிறுத்த முடியாது.

தரையில் விமானங்களை நகர்த்தும் பொறுப்பு சேகருக்கு. கோடி வரை போய்த் திரும்ப வேண்டாமே என்று, ஓடுபாதையின் நடுவிலேயே நுழைய வழிவிட்டான். மனசு நல்ல மனசு. ஆனால் நடுவிலிருந்து கிளம்பினால் அந்தச் சுழலுக்கு இன்னும் கிட்டே போக வேண்டும். அதனால் விதிப்படி இரண்டல்ல, மூன்று நிமிடம். திரும்பக் கோடிக்கு அனுப்பினாலோ, அதற்கு மேலும் ஆகும். புறப்பட அனுமதி கொடுக்க வேண்டியவன் நான். சேகர் காதிலிருந்த ஹெட்செட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தான். "நல்லது பண்றேன்னு போய் ஒரு நிமிஷத்தைக் கூட்டிட்டேனே மச்சான்."

யார் முகத்தைப் பார்ப்பது

இரண்டு நிமிடம் தாண்டியது. பைலட் மறுபடி கூப்பிட்டார். ரேடியோவில் ஆங்கிலம்தான். குழந்தைக்கு ஆக்சிஜன் இறங்குகிறது, கண்ணெதிரே ஓடுபாதை வெறுமனே கிடக்கிறது, பொறுப்பை நானே ஏற்கிறேன் என்றார். "காத்திருங்கள்" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"விட்டுடு மச்சான், எல்லாம் கலைஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தான் சேகர். கலைந்திருக்கலாம். பக்கவாட்டில் கொஞ்சம் காற்று அடித்திருந்தால் அந்தச் சுழலைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். அன்று ஓடுபாதை ஓரத்தில் காற்றின் போக்கைக் காட்டும் காற்றுப்பை, கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கியது. எங்கள் மேலதிகாரி விமலா மேடம் பின்னால் வந்து நின்றார். 'அனுப்புங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். "என் மூஞ்சியைப் பார்க்காதீங்க சார். காற்றுப்பையைப் பாருங்க."

சந்தையில் தெரிந்த குரல்

பை அசையவேயில்லை. மூன்றாவது நிமிடம் முடிந்த கணமே அனுப்பினேன். ஆட்டமில்லாமல் ஏறியது. கோபுரத்திடம் வழக்கமாகச் சொல்லும் 'குட் டே' கூடச் சொல்லாமல் அடுத்த அலைவரிசைக்குப் போய்விட்டார் பைலட். எங்கள் எல்லையைத் தாண்டிய விமானத்தின் கதை எங்களுக்குத் தெரியாது. சேகர் அன்று டீ குடிக்கவில்லை. சுழல் அங்கே இருந்ததா, வீணாகத்தான் நிறுத்தினேனா, அதையும் யாராலும் சொல்ல முடியாது.

சில வாரம் கழித்துப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ரோஜாச் செடிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கறிவேப்பிலைக் கன்றைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் குரலைக் கேட்டுச் சட்டென்று திரும்பினார். "சார், நீங்க டவர்தானே?" முகம் புதிது, குரல் பழக்கம்: அன்று ரேடியோவில் கேட்ட பைலட். வேறெதுவும் பேசத் தோன்றவில்லை; குழந்தை என்னாச்சு என்றுதான் கேட்டேன். கன்றைக் கீழே வைத்தார்.

"பொழச்சுக்கிச்சு சார். ஆனா அந்த மூணாவது நிமிஷத்துக்கு அவங்கப்பா உங்களை இன்னும் மன்னிக்கல."

அவர் மன்னிக்காமலே இருக்கட்டும். என்னைத் திட்ட ஒரு அப்பாவும் அதைக் கேட்டு வளர ஒரு குழந்தையும் மிச்சம் என்றால், இந்த உத்தியோகத்தில் அதைவிடப் பெரிய நற்சான்று யாருக்கும் கிடைத்ததில்லை.