ஹார்லன் பீல்ஸ் தீனி போட்ட மான்கள்

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தின் வடகோடியில், காகித ஆலை மூடிய பிறகும் ஊர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் இடத்தில், ஹார்லன் பீல்ஸ் என்றால் இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று, மான் மேல் அவருக்கு இருந்த பிரியம். இன்னொன்று, கயோட்டி மேல் இருந்த வெறுப்பு. இரண்டில் எது பெரியது என்று அவர் மனைவி ஆர்லெட்டாவுக்கே தெரியாது. மான் மேல் பிரியம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட வேண்டாம். நவம்பர் பிறந்தால் அதைச் சுட்டு, உரித்து, வருஷத்துக்கும் குளிர்பெட்டியில் அடுக்கி வைக்கிற பிரியம்தான். எங்கள் ஊரில் அதற்கும் பிரியம் என்றுதான் பெயர்.

ஹார்லன் பிறந்தபோது எங்கள் காட்டில் கயோட்டி கிடையாது. நரியைவிடப் பெரியதாய், ஓநாயைவிடச் சின்னதாய் அந்த மிருகம் மேற்கிலிருந்து மெல்ல மெல்ல நடந்து வந்து சேர்ந்தபோது அவர் ஆலையில் புதிதாய் வேலைக்குச் சேர்ந்திருந்த வாலிபன். முதன்முதலில் அது ஊளையிட்டதைக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகுதான் மான் குறைந்தது என்று அவர் சொல்வார். அது பொய்யும் இல்லை. ஜூன் மாதம் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும், மார்ச்சில் பனியில் சிக்கிய தாயையும் இழுத்துப் போட்டுத் தின்னும். அவரே கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஆனால் அதே வருஷங்களில் வேறு சிலதும் நடந்தன. மான் குளிர்காலத்தைக் கழிப்பது, குளிரிலும் இலை உதிர்க்காத அடர்ந்த சீடர் மரங்களுக்கு அடியில். மேலே கிளை பனியைத் தாங்கிக்கொள்ளும், கீழே நடமாட இடம் இருக்கும், பசித்தால் எட்டுகிற கிளையைக் கடித்துக்கொள்ளலாம். அந்தக் காடுகளையெல்லாம் ஆலை வெட்டித் தள்ளியது. பனியும் சில வருஷம் ஜன்னல் மட்டம் வரை கொட்டியது. கொட்டுகிற பனியைச் சுட முடியாது. ஆலையையும் சுட முடியாது, அதில்தான் ஹார்லன் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினார். சுடுவதற்கு மிச்சம் இருந்தது கயோட்டிதான்.

சுட்டார். குளிர்காலம் முழுக்கச் சுட்டார். நண்பன் வெர்ல் டிபெட்ஸின் வேட்டை நாய்களைக் கூட்டிக்கொண்டு போய்த் துரத்திச் சுட்டார். அப்படியும் நவம்பர் வந்தால் கடை வாசலில் மானைத் தொங்கவிட்டு எடை போட்டுப் பதிவு செய்கிற தராசு சும்மா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து ஆரஞ்சு அங்கி போட்டுக்கொண்டு வந்து விடுதியை நிரப்பிய வேட்டைக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். விடுதிக்காரன் கதவில் பலகை அடித்துவிட்டு ஊரை விட்டே போனான்.

நான் சொல்ல வந்தது அந்தப் பெரும் பனி வருஷத்துக் கதை. கிறிஸ்துமஸுக்கு முன்பே பனி இடுப்பு மட்டம் ஏறியது. இந்தக் குளிர் தாண்டினால் பள்ளத்தாக்கில் மான் இருக்கும், தாண்டாவிட்டால் இருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஹார்லன் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. வீட்டுப் பின்பக்கம் பனியைத் தள்ளி ஒரு களம் செய்து மக்காச்சோளத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினார். முதலில் இடது காது கிழிந்த ஒரு பெண்மான் வந்தது. பிறகு நாலு. ஜனவரி நடுவில் நாற்பது மான் வரிசையாக வந்து நின்றது. ஊர் முழுக்க வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தது. ஆர்லெட்டா சமையலறை ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கினாள், வெளியே இருந்து பார்க்கிறவர்கள் உள்ளேயும் பார்த்துத் தொலைக்கிறார்களே என்று.

அந்த நாற்பதும் வந்தது லோர்னாவின் சதுப்பிலிருந்து. லோர்னா என்பவள் ஹார்லனின் செத்துப்போன அண்ணன் டுவைட்டின் மனைவி. பள்ளத்தாக்கில் வெட்டாமல் மிச்சம் இருந்த ஒரே சீடர் காடு அவளுடைய அந்தச் சதுப்பில்தான் இருந்தது. ஆலைக்காரர்கள் எத்தனையோ தடவை கேட்டும் கொடுக்காத பிடிவாதக்காரி. ஒருநாள் அவள், பனியில் புதையாமல் நடக்கிற அகல மிதியடியைக் கட்டிக்கொண்டு, மான் தடத்தைப் பிடித்தே ஹார்லன் வீட்டுப் பின்பக்கம் வந்து சேர்ந்தாள்.

"இது என்ன ஹார்லன், பந்தி நடக்குதா?"

"பாத்தா தெரியல? பசியோட வருது, போடறேன்."

"குளிர்காலத்துல அதுங்க வயிறு குச்சி திங்கற வயிறா மாறிடும். சோளத்தைக் கொட்டினா உள்ளயே புளிச்சிரும். வயிறு நிறைஞ்சே சாகும். வனத்துறைப் பொண்ணு கூட்டத்துல அவ்வளவு தடவ சொன்னாளே, நீதான் பின்வரிசையில உக்காந்து இளிச்சுக்கிட்டு இருந்த."

"அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே மான் வயித்தக் கிழிச்சவன் நான். சோளக் கொல்லையில மேஞ்ச மானு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கொழுப்பு வெரல் தடிமன் இருக்கும்."

"கிழிச்சிருக்க. நவம்பர்ல கிழிச்சிருக்க. மார்ச்சுல என்னிக்காவது கிழிச்சியா?"

ஹார்லனுக்கு அது உறைக்கவில்லை. கோபம்தான் வந்தது.

"உன் சதுப்புல இருக்கற கயோட்டிக்கு என்ன வழி? பால் ஊத்தி வளக்கிறியா?"

"அதுவும் திங்கத்தான் செய்யும். நான் இல்லங்கல. ஆனா என் மரத்தடியில பனி முழங்கால்தான். ஓடித் தப்பிக்க நாலு பக்கமும் வழி இருக்கு. உன் வீட்டுக்கு வர்றது ஒத்தப் பாதை, ரெண்டு பக்கமும் நெஞ்சு மட்டம். கூப்பிட்டு வச்சுத் தட்டுல பரிமாறுற."

"டுவைட் இருந்திருந்தா இப்பிடிப் பேசுவியா?"

"டுவைட் இருந்திருந்தா நீ இவ்வளவு பேசியிருக்க மாட்ட."

பிப்ரவரிக் கடைசியில் மான்கள் சாக ஆரம்பித்தன. களத்துக்குப் பக்கத்தில், பாதை ஓரத்தில், ஒன்று வேலிக்கு அடியிலேயே. ஹார்லன் போய்ப் பார்க்கும்போது பாதி தின்றிருக்கும், சுற்றிலும் கயோட்டித் தடம். வேறு என்ன சாட்சி வேண்டும்? கடையில் காப்பி குடிக்கிற கும்பல் அங்கேயே தீர்ப்பு எழுதியது. கயோட்டி எங்கே பதுங்குகிறது? லோர்னாவின் சதுப்பில். யார் நாய்களை உள்ளே விடமாட்டேன் என்கிறாள்? லோர்னா.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நிலம் யாருடையதாக இருந்தாலும் காட்டுக்குள் வேட்டைக்குப் போக யாரும் யாரையும் கேட்பதில்லை. 'உள்ளே வராதே' என்று மரத்தில் பலகை அடிக்கிறவன் ஊரோடு வாழ விரும்பாதவன் என்று அர்த்தம். பேச்சு காதுக்கு வந்த மறுநாளே லோர்னா சதுப்பைச் சுற்றிலும் பலகை அடித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவள் வீட்டுப் பாதையில் பனி தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் வண்டி ரிப்பேர் என்றான். வண்டிக்கு ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை ஹார்லனும் வெர்லும் நாய்களோடு பலகையைத் தாண்டிப் போனார்கள். முதல் பலகையைப் பிடுங்கியது ஹார்லன்தான். சொந்த அண்ணி நிலம், எனக்கு இல்லாத உரிமையா என்று கேட்டாராம். மத்தியானத்துக்குள் ஏழு கயோட்டி விழுந்தது. நாய்களின் குரைப்பில் சதுப்பில் எஞ்சியிருந்த மான்களும் கலைந்து நெஞ்சளவுப் பனிக்குள் பாய்ந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். திரும்பி வந்துவிடும் என்றார் வெர்ல். தீயணைப்புக் கொட்டகையில் ஊர் கூடிச் சாப்பிட்ட பீன்ஸ் விருந்தில் ஏழு கயோட்டியையும் வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்தார்கள். ஹார்லனை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஊளைச் சத்தமே இல்லை. ஹார்லன் நிம்மதியாகத் தூங்கினார். எழுந்து பார்த்தால் களத்தின் நடுவில் ஒரு பெண்மான் கிடந்தது. முதன்முதலில் வந்த அதே மான், இடது காது கிழிந்தது. சுற்றிலும் புதுப் பனி. அதில் மானின் தடம் தவிர வேறு ஒரு தடமும் இல்லை.

ஹார்லன் கத்தியை எடுத்து வந்து மண்டியிட்டார். முதலில் கழுத்துத் தோலை உரித்தார். கயோட்டி கடித்திருந்தால் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறகு வயிற்றைக் கிழித்தார். மஞ்சள் மஞ்சளாகச் சோளம், அரையாமல், புளித்த தண்ணீரில் மிதந்துகொண்டு. நாற்றத்துக்கு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனை மானைக் கிழித்தவர்! அதற்கும் கீழே இரண்டு குட்டிகள், கண் திறக்காமல், ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டபடி. நவம்பரில் கிழிக்கிற மானுக்குள் குட்டி இருப்பதில்லை. ஹார்லன் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆர்லெட்டா கோட்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன இருக்கும்?" என்றாள்.

"தெரியல. செத்தது எல்லாம் இப்பிடித்தானோ என்னவோ. நான் ஒண்ணக்கூடத் தெறந்து பாக்கலையே ஆர்லி. தடத்தப் பாத்தேன், திரும்பி வந்துட்டேன்."

"இப்ப நிறுத்திரலாம்ல?"

"நிறுத்தினா பட்டினியில சாகும். போட்டா வயிறு ஊதிச் சாகும். அதுங்க காட்டுக்குள்ள போறதுக்குக்கூட வழி இல்ல. சதுப்புல நாய விட்டு நான்தான கலச்சு விட்டேன்."

ஒரே வழிதான் இருந்தது. சீடர் கிளையை வெட்டி வந்து போட்டு, சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அந்த வயிறுகளைப் பழைய தீனிக்குத் திருப்ப வேண்டும். சீடர் இருந்தது ஓர் இடத்தில்தான். ஹார்லன் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு லோர்னா வீட்டுக்குப் போனார். பனி தள்ளாத பாதையில் தொடை வரை புதைந்து புதைந்து போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"கேக்க வந்தியா, வெட்டிட்டுச் சொல்ல வந்தியா?"

"கேக்கத்தான் வந்தேன்." விஷயத்தைச் சொன்னார். குட்டிகளைப் பற்றியும் சொன்னார்.

லோர்னா முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை.

"தாழ்ந்த கிளையா வெட்டிக்கோ. ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஊர்ல சொல்லுவியா?"

"சொல்றேன்."

"கடையில, எல்லாரும் இருக்கறப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன்ல லோர்னா."

"எனக்காகன்னு இல்ல. நான் இப்பிடியே இருந்துட்டுப் போறேன். ஆனா நாளைக்கு இன்னொருத்தன் மூட்டையோட கெளம்புவான்."

சாயங்காலம் வரை வெட்டினார். வண்டி நிறையக் கிளையை ஏற்றிக்கொண்டு, தோள் பிய்ந்துபோக இழுத்துக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். களத்தைச் சுற்றி ஆறேழு பிக்கப் வண்டி நின்றது. தீயணைப்புப் படை ஆட்கள், தேவாலயப் பெண்கள், கடைக்காரன், எல்லாரும் இருந்தார்கள். ஊர் கூடி வசூல் செய்து சோளம் வாங்கி வந்திருந்தது. இருபது மூட்டை ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது. களம் பூராவும் மஞ்சள். நாற்பதில் மிச்சம் இருந்த மான்கள் எல்லாம் தலை தூக்காமல் தின்றுகொண்டிருந்தன. ஆர்லெட்டா பின்வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். கூச்சப்படாதே என்று தட்டிக் கொடுத்துவிட்டு மூட்டையைப் பிரித்திருக்கிறார்கள்.

"வந்துட்டாருய்யா மான்களோட அப்பா!" என்று கத்தினார் வெர்ல். எல்லாரும் கை தட்டினார்கள். "லோர்னா வளத்த பிசாசுங்க தின்னது போக மிச்சம் இருக்கற உசுரு! ஒண்ணையும் சாக விடமாட்டோம் ஹார்லன்!"

"வெர்ல், இந்தச் சோளம்..." என்று ஆரம்பித்தார் ஹார்லன்.

"பத்தாதா? வண்டியில இன்னும் இருக்கு. இறக்குங்கடா!"

தேவாலயத்துப் பெண் ஒருத்தி வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் போதும் என்றாள். ஹார்லன் அவள் தோளுக்கு மேலாக எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். ஆலை மூடிய நாளுக்குப் பிறகு அந்த முகங்கள் ஒன்றாகச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"நன்றி," என்றார்.

கிளைகளை அவர்கள் போன பிறகு இறக்கினார். ஒரு மான்கூட மோந்து பார்க்கவில்லை.

அடுத்த சில நாட்களில் மான்கள் ஒவ்வொன்றாக வயிறு ஊதிச் செத்துக் களம் காலியாகிவிட்டது. செத்ததைத் தின்ன எங்கிருந்தோ புதுக் கயோட்டிகள் வந்தன. அவை வராமல் எங்கே போகும், அவ்வளவு இறைச்சி கிடக்கும்போது. சனிக்கிழமை காலையில் ஹார்லன் கடைக்குப் போனார். சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனார். ஆர்லெட்டாவிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அவருடைய கெட்ட நேரமோ என்னவோ, கல்லாவுக்கு முன்னால் பால் புட்டியோடு லோர்னா நின்றிருந்தாள்.

"என்னய்யா ஹார்லன், எல்லாம் போயிருச்சாமே?" மேஜையிலிருந்து வெர்ல் கேட்டார். "ஏழ அடிச்சோம், பத்து வந்துருச்சு. எவ வீட்டுப் பக்கத்துலேந்து வருதுன்னு நான் சொல்லவா வேணும்?"

லோர்னா திரும்பினாள். கோபமாகப் பார்க்கவில்லை. சொல்லு என்பது போலக் காத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். எல்லாரும் ஹார்லனைப் பார்த்தார்கள். சோளத்துக்குக் காசு போட்டவர்கள், மூட்டை சுமந்தவர்கள், கட்டிக்கொண்டு அழுதவள், எல்லாரும்.

"கயோட்டிதான்," என்றார் ஹார்லன். "வேற என்ன."

லோர்னா பாலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு மூடியதும் யாரோ எதையோ சொன்னார்கள், எல்லாரும் சிரித்தார்கள். வெர்ல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஹார்லனுக்குச் சூடாக ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார். ஹார்லன் உட்கார்ந்து அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.