செட்டு மாத்திரையில் பூசின உடம்பு

1. மெஷின் ஓரத்தில்

"சிஸ்டர், சீக்கிரம் வாங்க, ஏழுமலை வுழுந்துட்டாரு!"

பிரஸ் ஷாப் என்கிற மெஷின் கூடத்திலிருந்து ஆள் ஓடி வந்தபோது நான் முதலுதவி அறையில் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன். 1991. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் நர்ஸ். வெட்டுக்காயம், கண்ணில் இரும்புத் தூசி, தலைவலி, எதுவானாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழுமலை சுருண்டு கிடக்கிறார். உடம்பு சில்லிட்டு வேர்த்திருந்தது. வாந்தி வேறு. பிரஷர் கருவியைக் கட்டிப் பார்த்தேன், ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது.

சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். "வெறும் வயித்தோட வந்திருப்பான் சிஸ்டர். குளுக்கோஸ் கரைச்சுக் குடுங்க, எழுந்துடுவான். லைன் நிக்குது" என்றார்.

"லைன் நின்னா நிக்கட்டும் சார். வேனை எடுக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் பெரியவர் சின்னவர் பார்க்க மாட்டேன். வேன் வந்தது.

2. எல்லோரும் மெச்சிய கன்னம்

ஏழுமலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பென்னலூர்க்காரர். விவசாயக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கம்பெனி வேலைக்கு வந்தவர். அப்போது பர்மனென்ட் ஆகவில்லை. வந்த புதிதில் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். தகட்டுக் கட்டைத் தூக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். "வலிச்சா வந்து சொல்லுய்யா" என்றால், "அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

பொங்கல் கழிந்து சில மாதங்களில் ஆள் மாறிப்போனார். முகம் உருண்டையாயிற்று. கன்னம் பன் மாதிரி உப்பிக்கொண்டது. கேன்டீனில் இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். "இன்னா ஏழுமல, மாமியா வூட்டு சோறா? தளதளன்னு கீறியே!" என்று ஷாப்பே கேலி செய்தது. அவருக்கும் அதில் பெருமைதான். எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. முகம் ஊதியிருக்கிறது, கைகால் அப்படியே குச்சியாக இருக்கிறதே என்று. கேட்டதற்கு, வீட்டுச் சாப்பாடுதான் காரணம் என்று சொல்லிவிட்டார்.

3. "ஒண்ணும் சாப்பிடல"

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஏழுமலையின் முகத்தைப் பார்த்த உடனே, "என்ன மாத்திரை சாப்பிடறாரு?" என்று கேட்டார்.

"சத்தியமா ஒண்ணும் சாப்பிடல சார்" என்றார் ஏழுமலை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

டாக்டர் விடவில்லை. "சரி, எதையாவது நிறுத்தினியா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "செட்டு போட்டுகினு இருந்தேன் சிஸ்டர். இடுப்பு வலிக்கு. உங்களாண்ட சொன்னா மெஷின்லேர்ந்து எடுத்துடுவாங்கன்னு பயம். வூட்ல புள்ளைக்கு அம்மா வந்துகீறாங்க, அம்மை. அதான் மாத்திரையத் தொடறதில்ல."

செட்டு என்றால் அந்தக் காலத்துத் தொழிலாளிகளுக்குத் தெரியும். மருந்துக் கடையில் போய் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்றால், நாலைந்து கலரில் மாத்திரைகளைச் சீட்டில்லாமல், பெயரில்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும். ஊரே உடம்பு தேறிவிட்டது என்று மெச்சியது அந்த மாத்திரையின் பக்கவிளைவைத்தான். அட கடவுளே என்று இருந்தது எனக்கு.

அதைவிடப் பெரிய ஆபத்து நிறுத்துவதில் இருக்கிறது. ஸ்டீராய்டு மாதிரி ஒரு சத்தை உடம்பு தானாகவே சுரந்துகொள்ளும். மாதக்கணக்கில் வெளியாள் வந்து வேலை பார்த்தால் உள்ளாள் படுத்துவிடுவான் அல்லவா, அப்படி உடம்பும் சுரப்பதை விட்டுவிடும். வெளியாளைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு பேரும் இல்லை. பிரஷர் விழுந்து உயிரே போகலாம். அம்மை கண்ட வீட்டில் மருந்து தொடக்கூடாது என்று ஏழுமலை நிறுத்தியது அதைத்தான்.

4. ஊசி

டாக்டர் ஸ்டீராய்டு ஊசியை எடுத்தார். ஏழுமலை கையை இழுத்துக்கொண்டார். "வாணாம் சார். நான் ஊசி போட்டுகினா புள்ளைக்கு எதனா ஆயிடும்."

அதற்குள் அவர் மனைவி கன்னியம்மா வந்துவிட்டார். கொண்டையில் வேப்பிலை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சிஸ்டர், அம்மா கோச்சுக்குவாங்க. புள்ளை உடம்பெல்லாம் முத்து போட்டு கீது. ஊசி வாணாம்னு சொல்லுங்க."

டாக்டர், "போடலன்னா இவரு பிழைக்க மாட்டாரும்மா" என்றார். உண்மைதான். ஆனால் கன்னியம்மாவுக்குக் காதில் விழவில்லை. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பிள்ளை. எனக்கும் கண் கலங்கியது. இந்த நேரத்தில் போய் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்தால் என்னைப் போல முட்டாள் கிடையாது.

ஏழுமலையின் மூக்கோரத்தில் இரண்டு பழைய தழும்புகள் இருந்தன. "இது இன்னாய்யா?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுல அம்மா வந்தாங்களே, அது."

டாக்டர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். ஸ்டீராய்டு ஏறிய உடம்புக்கு அம்மை தொற்றினால் ஆபத்து, ஆனால் ஒருமுறை அம்மை வந்து போனவருக்குப் பிள்ளையிடமிருந்து மறுபடி தொற்றுவது அபூர்வம், அந்தக் கவலையாவது குறைந்தது என்றார். நான் கன்னியம்மாவின் கையைப் பிடித்தேன்.

"இதோ பாரும்மா. உன் வூட்டுக்காரரை அம்மா எப்பவோ வந்து பார்த்துட்டுப் போயாச்சு. இப்ப வந்திருக்கிறது புள்ளையைப் பார்க்க. புள்ளைக்குச் செய்யறதை வூட்ல நீ குறைவில்லாம செய். இவரை எங்ககிட்ட விடு. அப்பன் இல்லாத புள்ளையாக்கவா அம்மா வந்தாங்க?"

கன்னியம்மா தழும்பைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கொண்டையிலிருந்த வேப்பிலையை எடுத்து ஏழுமலையின் தலைமாட்டில் வைத்தார்.

"போடுங்க சார்."

5. நான் கற்றது

பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு கன்னியம்மா எனக்குக் கூழ் கொண்டுவந்தார். ஏழுமலைக்கு டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பல வாரம் கழித்துத்தான் நிறுத்தினார். இடுப்புக்கு வேறு வைத்தியம் நடந்தது. சூப்பர்வைசரிடம் நான் போய்ச் சண்டை போடத் தயாராக நின்றேன். அதற்கு வேலை வைக்காமல் அவரே வெயிட் தூக்காத மெஷினுக்கு மாற்றிக்கொடுத்தார். பர்மனென்ட்டும் ஆயிற்று.

அன்றிலிருந்து என் அறைக்கு வரும் யாரிடமும், "என்ன மாத்திரை போட்ட?" என்பதோடு நிற்க மாட்டேன். "எதை நிறுத்தின?" என்றும் கேட்பேன். திட்டாமல் கேட்பேன், திட்டினால் மறைப்பார்கள். இப்போது வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். டாக்டர் சொல்லாமல் போடவும் கூடாது, பல நாள் போட்டதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

ஏழுமலை பழையபடி இளைத்துவிட்டார். "இன்னாடா, ஆளு வத்திட்டே?" என்று ஷாப்பில் கேட்டால், "உசுரோட கீறேன்ல" என்பார். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த ஒருவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"சிஸ்டர், இவன் கன்னத்தைப் பாருங்க. எல்லாம் இவனை மெச்சிக்கினு கீறானுங்க. எனக்குப் பார்த்தாலே பயமா கீது."