அடுப்பில் போட்ட வாடகை ரசீதுகள்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா காஜா பெராங்கில் வாடகைக்கு இருந்தோம். ரசீதுகளில் வெள்ளைக்கார ராஜா தலை போட்ட முத்திரை ஒட்டியிருந்தது. அது கையில் இருந்தால் ஆபத்து என்று ஜப்பான்காரன் சோதனைக்குப் பயந்து எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். நல்ல மனசோடு வீட்டுக்காரரிடமும் போய், "நாங்க எரிச்சிட்டோம் முதலாளி, நீங்களும் பத்திரமா இருங்க" என்றேன்.

உடனே அவர், நாங்கள் வாடகைக்காரர்களே இல்லை, அத்துமீறிப் புகுந்தவர்கள் என்று வழக்குப் போட்டார். கோர்ட்டில் ரசீது கேட்டார்கள்.

"எரிச்சிட்டேன் ஐயா."

வீட்டுக்காரர் சிரித்தார். "அடுப்பு வந்து சாட்சி சொல்லுமா அம்மா?"

வீடு போயிற்று. சட்டி பானையோடு வெளியே வந்தபோதுதான் வீட்டைக் காலி செய்ய வைக்க வந்திருந்த கோர்ட்டு கிராணி, அதாவது குமாஸ்தா, கேட்டார்: "ரசீதோட அடிக்கட்டை அவர்கிட்டதானே இருக்கும்? அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

கேட்கத் தெரியவில்லையே! இன்றும் மனசு ஆறவில்லை. இப்போதெல்லாம் எதிராளி வைத்துக்கொள்ளும் பாதியையும் வாசித்துக் காட்டினால்தான் கைநாட்டு வைக்கிறேன்.

பேத்தி மீனா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை வாசி. நீயா ஒண்ணும் சேர்க்கலையே?